என் பெயரில் வந்த இறப்புச் சான்றிதழ்

எங்கள் ஊர் புதுமடத்தில் ஒரு மௌத்து, அதாவது ஒரு சாவு, விழுந்தால் பள்ளிவாசல் மோதினாருக்கு அடுத்தபடியாக என்னைத்தான் தேடுவார்கள். குளிப்பாட்டவும் கபன் துணி வெட்டவும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைத் தேடுவது தாள் வேலைக்கு. எந்த ஆபீஸுக்கு முதலில் போவது, எந்தச் சன்னலில் யாரிடம் பேசுவது, எதைக் கையில் வாங்காமல் வீடு திரும்பக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. படித்தது எட்டாம் வகுப்பு, பிழைப்பு கடல். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் வக்கீல்கூட என்னிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

நான் முதலில் சொல்வது இதுதான். அழுதுகொண்டே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரியில் நீட்டும் தாளை அழாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல். பெயர், தகப்பன் பெயர், வயது, விலாசம். மய்யித்து, அந்த உடம்பு, ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. தப்பாக எழுதிய தாள் ஆபீஸைவிட்டுக் கிளம்பிவிட்டால் பின்னாலேயே ஓடிப் பிடிக்க முடியாது. பிறகு, இருபத்தொரு நாளுக்குள் பதிந்துவிடு. சான்றிதழில் பத்துப் பிரதி எடுத்து வை. இறந்தவரின் சிம்மை உடனே நிறுத்திவிடாதே, எல்லா ஆபீஸும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்பும்.

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வெளியூர்ச் சொந்தக்காரர் யாராவது கேட்டால், ஊர்க்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவரு ஒருக்கா மௌத்தாகிப் பாத்தவருல்ல" என்பான். கேலிதான். ஆனால் பொய் இல்லை. என் இறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று இன்றும் என் பீரோவில், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

காக்கா என்று நான் கூப்பிடுவது என் அண்ணனை. எனக்கு மூன்று வயது மூத்தவர். முகம், தாடி, முன்னால் ஏறிய வழுக்கை எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒன்றுபோல. குரல் அதைவிட. போனில் எங்கள் வீட்டுப் பெண்களே ஏமாந்திருக்கிறார்கள். அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி போனை எடுத்தால் "யாரு?" என்று ஒரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் மேற்கொண்டு பேசுவார். இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே முற்றம்.

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில் காக்காவின் மீனவர் அட்டை சட்டைப் பையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்துவிட்டது. "என்னய விட்டுட்டு அது முன்னாடி போயிருச்சு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அட்டை இல்லாத ஆளை விசைப்படகு டோக்கனில் எழுத மாட்டார்கள். படகு கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு அது. யார் யார் ஏறுகிறார்கள் என்று அதில் பெயர் இருக்கும். புது அட்டைக்கு மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காக அலைந்தார் காக்கா.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கண்நோய் வந்தது. இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. மண்டபத்திலிருந்து கிளம்பும் படகின் டோக்கனில் என் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது. ஓர் ஆள் குறைந்தால் வலை இழுக்கக் கஷ்டம்.

"ஏலே, இந்தக் கண்ண வச்சுக்கிட்டு வலைய எங்கிட்டுப் பாப்ப? கார்டக் குடு, நான் போறேன்" என்றார் காக்கா.

"செக்கிங்ல கேட்டா?"

"கேட்டா ஒம் பேரச் சொல்றேன். மூஞ்சி ஒண்ணுதானலே."

எங்கள் கரையில் சைக்கிள் இரவல் கொடுப்பதுபோல் அட்டை இரவல் கொடுப்போம். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அட்டையை ஒரு பாலிதீன் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். என் நீலப் பனியனைத்தான் போட்டுக்கொண்டு போனார். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டார்.

மறுநாள் படகு அவர் இல்லாமல் திரும்பியது. வலை ஏற்றும்போது கயிறு காலில் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். படகு முதலாளி டோக்கனில் உள்ளபடி போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காணாமல் போனது நான் என்று எழுதியிருந்தது. "மய்யித்து மொதல்ல கெடைக்கட்டும்பா, அப்பறம் பேர மாத்திக்கிருவோம். இப்ப மாத்துனா படகக் கட்டிப் போட்ருவாங்க. எட்டுக் குடும்பம் இருக்கு" என்றார். சரி என்று தலையாட்டினேன். காக்கா இன்னும் எங்கேயாவது நீந்திக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று இருந்தது.

நான்காம் நாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என் மனைவியின் போனுக்கு அழைப்பு வந்தது. அட்டையின் பதிவில் அந்த நம்பர்தான் இருந்தது. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"தனுஷ்கோடிப் பக்கம் ஒங்க வீட்டுக்காரரு பாடி ஒதுங்கியிருக்கும்மா. இடுப்புல கார்டு இருக்கு. ஆள் வந்து பாக்கணும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க சார், வாரோம்" என்றாள். போனை வைத்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து வந்து என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, மதினியிடம் சொல்லப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுத மாட்டேன். முகத்தை வைத்து யாரும் யாரையும் அடையாளம் சொல்லியிருக்க முடியாது. வலது கால் பெருவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் நங்கூரம் விழுந்து போன நகம் அது. காக்காதான். மேலே என் நீலப் பனியன். பக்கத்து மேசையில், ஈரம்கூடப் படாத என் போட்டோவோடு என் அட்டை.

அப்போது பகல் தொழுகை, லுஹர், தாண்டிவிட்டது. நாலு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு. பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்குள் அடக்கியாக வேண்டும் என்று கூட வந்தவர்கள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஊரில் குழி வெட்டி முடித்தாயிற்று என்று போன் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் திரும்ப விசாரணை, திரும்ப ஓர் இரவு காக்கா அந்த அறையில் கிடப்பார். போலீஸ்காரர் பேனாவைத் திறந்து என்னிடம் கேட்டார்.

"எறந்தவருக்கு நீங்க என்ன முறை?"

"அண்ணன்" என்றேன்.

தாளில் காக்காவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கையெழுத்து எனக்கு அப்படியே வரும். வாப்பா மௌத்தான பிறகு என் பள்ளிக்கூட அட்டைகளில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் நானே அவரைப்போல் போட்டுக்கொள்வேன். அந்தப் பழைய திருட்டுத்தனம் இந்த இடத்தில் உதவிக்கு வந்தது. எத்தனையோ பேர் கூட நின்றார்கள், ஒருவர்கூட என் கையைப் பிடிக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாருக்கும் மய்யித்தைச் சீக்கிரம் மண்ணில் சேர்க்க வேண்டும் என்ற அவசரம்தான்.

மையவாடியில் அடக்கிவிட்டு வந்ததும் பள்ளிவாசல் புத்தகத்தில் மோதினார் எழுதினார். முதலாளி அவர் காதில் ஏதோ சொன்னார். "அல்லா வீட்டுப் பொஸ்தகத்துல நான் பொய் எழுத மாட்டேன்" என்று காக்கா பெயரைத்தான் எழுதினார் மோதினார். ஆக, பள்ளிவாசலில் இறந்தது காக்கா, சர்க்காரில் இறந்தது நான்.

மதினி இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்தால் எங்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். உள்ளறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் மதினி. நான் முற்றத்தில் நின்று என் பிள்ளைகளை ஏதாவது அதட்டினால் போதும், திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"யாரு?"

"நான்தான் மதினி."

சொன்ன பிறகுதான் உறைக்கும். காக்காவும் வெளியிலிருந்து வரும்போது "நான்தான்" என்றுதான் சொல்வார். ஒரு வாரம் கழித்து முற்றத்தில் பேசுவதையே விட்டேன். வந்திருப்பது தெரியட்டும் என்று இருமிக் காட்டினேன். இருமலுக்கும் "யாரு?" என்று கேள்வி வந்தது.

சான்றிதழ் வந்த செய்தியும் என் மனைவி போனுக்குத்தான் வந்தது. இ-சேவை மையத்தில் இருக்கிற பெண் எங்கள் ஊர்ப்பிள்ளை, என்னை நன்றாகத் தெரியும். தாளை எடுத்து வாசித்தவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். என் பெயர், என் வாப்பா பெயர், என் வயது, என் வீட்டு விலாசம். இறந்த இடம் கடல். அச்சு இன்னும் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தாள் யாரும் சொல்லாமலே தன் வேலையைச் செய்தது. ரேஷன் கார்டில் என் பெயர் போயிற்று. பேங்கில் என் கணக்கு நின்றது. நான் இருக்கிறேன் என்று காட்ட மெஷினில் கட்டைவிரல் வைத்தால் "பொருந்தவில்லை" என்றது. கயிறு இழுத்து இழுத்து எங்கள் ஆட்களின் ரேகை எல்லாம் அழிந்துதான் இருக்கும், இது எனக்கு மட்டும் வந்த கேடு இல்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறவனிடம் ஒரு மெஷின் மூன்று தடவை இல்லை இல்லை என்று சொன்னால் மனது என்னவோ செய்கிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். ஒரு நாள் என் மகள் அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்ப உம்மாவும் இத்தா இருக்கணுமா?" என்று கேட்டாள். என் மனைவி அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

தாலுகா ஆபீஸில், வேறு யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்தேன். திருத்த வேண்டுமென்றால் உண்மையில் இறந்தவரின் மனைவி நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவசியத்துக்கு இத்தாவில் வெளியே வரலாம் என்று மார்க்கம் படித்த ஆலிம்சாவும் சொன்னார். என் மனைவி போய்க் கேட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அவுகளுக்கு நான் செய்யிறது இனி இது ஒண்ணுதான். அதையும் பாதியில வுட்டுட்டு வரணுமா?" என்றார் மதினி. அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது?

காக்காவின் போன் என்னிடம்தான் இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு பகலில் என் சட்டைப் பையில் அது நடுங்கியது. அவர் மனுப் போட்ட புது அட்டை தயாராக இருக்கிறதாம், நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்று செய்தி. ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். சன்னலில் இருந்தவர் திரையில் உள்ள போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா? எத்தன தடவ அலைஞ்சீங்க. இங்கன கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், மதினிக்கு மூன்று. இறந்தவன் பெயருக்கு டோக்கன் எழுத மாட்டார்கள். இதெல்லாம் இப்போது நான் சொல்லும் சமாதானம். அன்றைக்கு அந்த அட்டையைப் பையில் வைத்ததும் மறுபடியும் ஒரு பெயர் கிடைத்த நிம்மதிதான் இருந்தது. அந்த வாரமே அதே படகில் கடலுக்குப் போனேன். நடுக்கடலில் சோதனைப் படகு வந்து மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. காக்கா பெயர் வந்தபோது நான் சும்மா நின்றேன். பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்தான்.

"இருக்கேன்!" என்று கத்தினேன். காக்காவின் குரல் தண்ணீரில் போயிற்று. படகில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்தடுத்த தடவைகளில் இடிக்கத் தேவைப்படவில்லை. காக்கா விழுந்த இடத்தைத் தாண்டும்போது டிரைவர் பழக்கத்தில் தலைகளை எண்ணுவார். "எட்டுப் பேரும் இருக்கோம்" என்பார். டோக்கனில் காக்கா பெயரோடு சேர்த்து எட்டு. கணக்குச் சரியாக இருக்கும், எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் தண்ணீரைப் பார்க்கப் பயம். கீழே யாராவது என் பெயரைச் சொல்லி "இருக்கேன்" என்று கத்திவிடுவார்களோ என்று இருக்கும். ஒரு நாள் கரையில் யாரோ என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டேன் என்று என் மனைவியிடம் வந்து குறை சொன்னார்கள். எனக்குக் கேட்டதுதான். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றவில்லை.

இத்தா முடிந்த அன்று மதினி குளித்துத் துஆ ஓதிவிட்டு என் மனைவியை விட்டு என்னைக் கூப்பிட்டார். திரை அப்படியேதான் இருந்தது.

"எம் புருஷன் மௌத்தானதுக்கு எனக்கு ஒரு தாள் வேணும் தம்பி."

முதலாளியைப் பற்றிச் சொன்னேன். பொய்க் கையெழுத்துக்கு என்மேல் கேஸ் வரும் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். வெட்கமில்லாமல் எல்லாம் சொன்னேன்.

"எல்லாஞ் சரி. சர்க்காரப் பொறுத்தவரைக்கும் அவுக உசுரோட இருக்காக. அப்ப நான் யாருக்காக நாலு மாசம் பத்து நாளு உள்ள இருந்தேன்?"

நான் போக வேண்டிய படகில் அவர் போனார். என் சாவை அவர் எடுத்துக்கொண்டார், அவருடைய சாவை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு அதில் பிழைப்பும் நடத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் மதினி, என் மனைவி, பள்ளிவாசல் புத்தகத்தோடு மோதினார், நான் என நாலு பேரும் பஸ் ஏறினோம்.

அதிகாரி முழுக்கக் கேட்டார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், மெதுவாகத்தான் கேட்டார். "அன்னைக்குப் படகுல போயிருக்க வேண்டியது யாரு?"

"நான்."

"எறந்தது?"

"எங்க காக்கா."

அதை வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொன்னதும் அழுதேன், அவ்வளவு பேர் முன்னால். இறந்தவர் மறுபடி இறப்பதற்கு முன்னால் நான் உயிரோடு இருப்பது நிரூபணமாக வேண்டும் என்றார்கள். கட்டைவிரல் சேரவில்லை. கையைக் கழுவி வரச் சொன்னார்கள், ஈரத்துணியில் துடைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலாக வைத்தேன். வலது கையில் ஒன்றும் தேறவில்லை. இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. "ஆளு இருக்காரு சார்" என்று கம்ப்யூட்டரில் இருந்தவர் உள்ளே பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

படகைச் சில மாதம் கட்டிப் போட்டார்கள். முதலாளி இன்றுவரை என் முகத்தில் முழிப்பதில்லை. என்மேல் கேஸ் நடக்கிறது, வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அது நியாயம்தான். மழைக்காலம் ஒன்று தாண்டி, காக்காவின் பெயரில் சான்றிதழ் வந்தது. பத்துப் பிரதியோடு போய், இத்தா முடிந்தும் மதினி கழற்றாத அந்தத் திரைக்கு அடியில் நீட்டினேன். தாளை உள்ளே இழுத்துக்கொண்டார் மதினி. வாசிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது, பெயர், தகப்பன் பெயர், வயது, இடம்.

பிறகு கேட்டார். "அவுக புதுக் கார்டு ஒங்ககிட்ட இருக்கா?"

எடுத்துத் தாள் போன வழியிலேயே நீட்டினேன்.

"இதுல கடலுக்குப் போனீங்கன்னாக. நெசமா?"

"நெசந்தான் மதினி."

"செக்கிங்ல அவுக பேரக் கூப்புட்டாகளா?"

"கூப்புட்டாக."

"என்ன சொன்னீக?"

"இருக்கேன்னு சொன்னேன்."

தண்ணீர்ப் பானையில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. என் மனைவி முற்றத்தில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ஒருக்கா சொல்லுங்க" என்றார் மதினி.

ஓடிவிடலாம் என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கடலில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன். "இருக்கேன்."

பச்சைத் திரை லேசாக அசைந்தது. உள்ளே மதினி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது.

"போதும் தம்பி" என்றார் கடைசியில். "இனிமே அந்தப் பேருக்கு நீங்க சத்தம் குடுக்காதீங்க."

அன்றிலிருந்து நான் முற்றத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், உள்ளேயிருந்து மதினி "யாரு?" என்று கேட்டதில்லை.